பழைய ஸ்டீல் ஃபிரேம், புதிய கியர்: மவுண்டன் பைக் ஒன்றைக் கையால் கட்டுவது எப்படி

1990களின் நடுவில் வந்த 26 அங்குல குரோமோலி ஸ்டீல் மவுண்டன் பைக்குகள் இன்று பழைய சாமானாகத்தான் கைமாறுகின்றன. கியர் தேய்ந்திருக்கும், பிரேக் பிடிக்காது, செயின் துருவேறிக் கிடக்கும். ஆனால் ஃபிரேம் நேராக இருந்து, விரிசல் இல்லாவிட்டால், அதில் இன்றைய கியரையும் பிரேக்கையும் ஏற்றி மலைப்பாதையில் தாராளமாக ஓட்டலாம். மவுண்டன் பைக் பிறந்ததே அப்படித்தான். 1970களில் கலிஃபோர்னியாவின் மவுண்ட் டமால்பைஸ் சரிவுகளில் இறங்கியவர்கள் 1930களின் ஷ்வின் ஃபிரேம்களை எடுத்து, அவற்றில் வேறு வண்டிகளின் கியரையும் பிரேக் லீவரையும் மாட்டிக்கொண்டார்கள். இதற்கென்றே தனியாக ஜோ பிரீஸ் தன் முதல் ஃபிரேமை ஒட்டியது 1977-ல்தான்.

எதைப் பழசாக வைத்துக்கொள்வது, எதைப் புதிதாக வாங்குவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. தேயாத உலோகம் பழசாக இருக்கலாம்: ஃபிரேம், ஃபோர்க், கிராங்க் கை, நல்ல ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி). தேய்வதும் உயிரைத் தாங்குவதும் புதிதாக இருக்க வேண்டும்: செயின், கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு), பிரேக் கட்டை, கேபிள், டயர், அலுமினிய ஹேண்டில்பார். பழைய ஹேண்டில்பார் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அலுமினியம் சோர்ந்து முறிவதற்கு முன்னால் பெரும்பாலும் எச்சரிக்கை தருவதில்லை.

பழசும் புதுசும் சந்திக்கும் இடங்களில்தான் வேலை கெடுகிறது. எல்லாம் வாங்கி முடித்த பிறகு, கையில் இருக்கும் பாகம் 0.2 மி.மீ. பெரியதென்று தெரிந்தால் அது அலமாரியில்தான் கிடக்கும். அதனால் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கும் முன் வெர்னியர் கேலிப்பரைக் கையில் எடுங்கள்.

வாங்கும் முன் அளவெடுங்கள்

பின்சக்கர ஆக்சில் உட்காரும் வெட்டுகளான டிராப்அவுட் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி 135 மி.மீ. இருக்க வேண்டும், முன் ஃபோர்க்கில் 100. 1980களின் தொடக்க ஃபிரேம்கள் சிலவற்றில் பின்புறம் 130 இருக்கும். ஸ்டீலாக இருந்தால் அனுபவமுள்ள மெக்கானிக் அதை 135-க்கு விரித்துக் கொடுப்பார். அலுமினியத்தில் அந்த வேலையே கூடாது. இன்றைய பூஸ்ட் ஹப்புகள் 148 மி.மீ. அகலமும் 12 மி.மீ. ஆக்சிலும் கொண்டவை. அவை எந்த வகையிலும் இதில் சேராது.

பிபி ஷெல்லின் (கிராங்க் ஆக்சில் சுழலும் பாட்டம் பிராக்கெட் உட்காரும் குழாய்) அகலம் 68 அல்லது 73 மி.மீ. மரை பெரும்பாலும் ஆங்கில மரை, அதாவது 1.37 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 24 மரை.

ஸ்டீரர் குழாயின் (ஃபோர்க்கின் மேல்தண்டு) வெளிவிட்டம் 25.4 மி.மீ. என்றால் ஒரு அங்குல ஹெட்செட் (அந்தத் தண்டு சுழலும் பேரிங் தொகுதி), 28.6 என்றால் ஒன்றே அரைக்கால், அதாவது 1 1/8 அங்குலம். மேலே பெரிய நட்டு இருந்தால் மரை வகை, ஸ்டெம்மே ஸ்டீரரைக் கவ்விப் பிடித்தால் மரையில்லா வகை.

சீட் போஸ்ட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்டீல் ஃபிரேம்களில் 26.4, 26.6, 26.8, 27.0, 27.2 என்று 0.2 மி.மீ. இடைவெளியில் பல அளவுகள் உண்டு. பழைய போஸ்ட்டின் அடியில் எண் பொறித்திருக்கும். ஆனால் முன்பு வைத்திருந்தவர் தவறான போஸ்ட்டைச் செருகியிருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள். சீட் குழாயின் பின்பக்க வெட்டைக் கவனியுங்கள். கிளாம்ப் இறுகிய நிலையிலும் வெட்டின் இரு விளிம்பும் இணையாக நின்றால் அளவு சரி. மேலே குறுகி ‘வி’ போல் மூடியிருந்தால் போஸ்ட் சிறியது.

ஃபிரேமைச் சோதிப்பது

பாகங்களையெல்லாம் கழற்றிவிட்டு மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு நல்ல வெளிச்சத்தில் நான்கு இடங்களைப் பாருங்கள்: ஹெட் குழாயும் (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) டவுன் குழாயும் (அங்கிருந்து பிபிக்கு இறங்கும் குழாய்) சேரும் அடிப்பக்கம், சீட் குழாய் வெட்டின் கீழ்முனை, வலப்பக்கச் செயின்ஸ்டே (பிபியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்) பிபியோடு சேரும் இடம், டிராப்அவுட். முடி போன்ற கருங்கோடு தெரிந்தால் அங்கே பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள். கோடு உலோகத்திலும் தொடர்ந்தால் அது விரிசல். ஸ்டீலில் பிரேஸிங் (பித்தளைப் பற்றவைப்பு) தெரிந்தவரால் அதைச் சரிசெய்ய முடியும். அலுமினிய ஃபிரேம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

ஹெட் குழாய்க்குச் சற்றுப் பின்னால் டவுன் குழாயின் அடிப்பக்கத்தைக் கட்டை விரலால் நீவிப் பாருங்கள். மெல்லிய அலைபோல் மேடு தட்டினால் வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது. கண்ணுக்குத் தப்புவதும் விரலுக்குத் தப்பாது. அத்தகைய ஃபிரேமை வாங்காதீர்கள்.

நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். ஒரு பக்க டிராப்அவுட்டில் நூலைக் கட்டி, ஹெட் குழாயைச் சுற்றிக்கொண்டு வந்து, மறுபக்க டிராப்அவுட்டில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளங்கள். வித்தியாசம் 2 மி.மீ.-க்குள் இருந்தால் நல்லது. 4, 5 என்று போனால் பின்பக்கம் கோணியிருக்கிறது.

துரு வெளியிலிருந்து தெரிவதைவிட உள்ளேதான் ஆபத்து. பிபி ஷெல்லுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மழைநீர் சீட் குழாய் வழியாக இறங்கித் தேங்குவது அங்கேதான். மேலாக மட்டும் செம்மை படர்ந்திருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு தடுக்கும் எண்ணெயைக் குழாய்களுக்குள் ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் திருப்பி ஓடவிட்டு ஒரு நாள் வடியவையுங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால், ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே அமுங்கினால் அந்த ஃபிரேம் முடிந்தது.

சிக்கிய சீட் போஸ்ட்டுக்கும் பொறுமை வேண்டும். ஸ்டீல் குழாய்க்குள் அலுமினிய போஸ்ட் கிரீஸ் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தால், இரு உலோகங்களுக்கும் நடுவே ஈரம் நின்று அலுமினியம் அரித்து உப்பிவிடும். கிளாம்ப் போல்ட்டை முழுதாகக் கழற்றி, இடுக்கில் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓரிரவு விடுங்கள். பிபியைக் கழற்றியிருந்தால் ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்தி அடியிலிருந்தும் எண்ணெய் விடலாம். பிறகு போஸ்ட்டின் தலையைப் பலமான வைஸில் கவ்வி, ஃபிரேமையே நெம்புகோலாக்கி இடவலமாக மெல்லத் திருப்புங்கள். இழுக்காதீர்கள், திருப்புங்கள். ‘கிறீச்’ என்ற சத்தம் வந்தால் பிடி விட்டுவிட்டது. மீண்டும் எண்ணெய் விட்டு, திருப்பியபடியே மேலே எடுங்கள். அசையவே இல்லையென்றால் போஸ்ட்டை மேலே அறுத்து, ரம்பத் தகட்டை உள்ளே விட்டு நீளவாக்கில் கோடு போட்டு மடக்கி எடுப்பதுதான் வழி. ரம்பம் ஃபிரேமைத் தொடாமல் இருக்க ஒவ்வொரு சில இழுப்புக்கும் ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஃபோர்க்: நீளத்தை மாற்றாதீர்கள்

சஸ்பென்ஷன் ஃபோர்க் போட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு முன் பழைய ஃபோர்க்கில் ஆக்சில் நடுவிலிருந்து கிரவுன் ரேஸ் (ஹெட்செட்டின் அடி வளையம்) அமரும் இடம்வரை அளங்கள். சஸ்பென்ஷன் இல்லாத ஃபிரேம்களில் இது பெரும்பாலும் 390 முதல் 410 மி.மீ. இருக்கும். 100 மி.மீ. பயணமுள்ள (அந்த அளவு அமுங்கும்) ஃபோர்க் ஏறத்தாழ 470. ஏறக்குறைய 20 மி.மீ. கூடினால் ஹெட் கோணம் ஒரு டிகிரி சாயும். ஆக மூன்று டிகிரிக்கும் மேல் சாய்ந்து, பிபி உயர்ந்து, ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும். ஹெட் குழாய் இணைப்பின் மேல் விழும் நெம்புவிசையும் கூடும். இன்றைய ஃபோர்க்குகளில் பல கீழே தடித்து வரும் ஸ்டீரர் கொண்டவை, அவை பழைய ஹெட் குழாய்க்குள் நுழையவே நுழையாது. பழைய ஸ்டீல் ஃபோர்க் நேராக இருந்தால் அதையே வைத்துக்கொள்வதுதான் எங்கள் பரிந்துரை.

ஹெட்செட்டில் பேரிங்கைக் கழற்றி, பால்ஸ் உருளும் வளையமான ரேஸைப் பாருங்கள். சக்கரம் நேராக இருக்கும்போது ஹேண்டில் நடுவில் ‘டக்’ என்று உட்காருவதுபோல் இருந்தால், பால்ஸ் ரேஸில் குழி பறித்திருக்கிறது. கிரீஸ் மாற்றினால் அது தீராது, ஹெட்செட் முழுவதும் மாற்ற வேண்டும். மரை வகைக்கு ஒரு அங்குலத்தில் 32 மி.மீ. ஸ்பேனர், 1 1/8-ல் 36.

பிபியும் கிராங்கும்

சதுர ஆக்சில் கொண்ட பழைய கிராங்க் கைகள் நன்றாக இருந்தால் மாற்றத் தேவையில்லை. சதுரத் துளையின் ஓரங்கள் கூர்மையாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். போல்ட் தளர்ந்த நிலையில் ஓட்டிய கிராங்கில் அந்தத் துளை உருண்டையாகியிருக்கும். அதை எவ்வளவு இறுக்கினாலும் மீண்டும் தளரும்.

கிராங்கைக் கழற்றப் புல்லர் தேவை. அதை மரையில் முழு ஆழத்துக்குத் திருகிய பிறகே தள்ளுதண்டைத் திருப்ப வேண்டும். இரண்டு மரை மட்டும் பிடித்த நிலையில் திருப்பினால் கிராங்கின் மரை உரிந்து கையோடு வந்துவிடும். பிபியில் வலப்பக்கக் கப் இடமரை. அதைக் கழற்றக் கடிகார முள் திசையில் திருப்ப வேண்டும், இடப்பக்கத்தை எதிர்த்திசையில். இதை மறந்துவிட்டுப் பெரிய குழாயை மாட்டி மேலும் இறுக்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

பழைய பிபியின் ஆக்சில் நீளத்தை அளந்து அதே நீளத்தில் புதிய சீல்டு கார்ட்ரிட்ஜ் வாங்குங்கள். 107, 110, 113, 118, 122.5 என்று அளவுகள் உண்டு. ஷெல் மரையைச் சுத்தம் செய்து, நிறைய கிரீஸ் தடவி, வலப்பக்கத்தைக் கையாலேயே நான்கு சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறவில்லையென்றால் மரை கோணலாகப் பிடிக்கிறது, ஸ்பேனரைத் தொடாதீர்கள். கடைசி இறுக்கம் 50 முதல் 70 நியூட்டன் மீட்டர். கிராங்க் போல்ட்டுக்கு 35 முதல் 50. உலர்ந்த மரையில் ஏற்றிய பிபி சில வாரத்தில் மிதிக்கும்போதெல்லாம் கீச்சிடும்.

முன்னால் ஒரே பல்சக்கரம்

மூன்று பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஒன்றே ஒன்று வைப்பதுதான் இந்த வேலையில் கிடைக்கும் பெரிய லாபம். முன் டிரெய்லியர் (செயினைப் பல் மாற்றித் தள்ளும் கருவி), அதன் ஷிஃப்டர், ஒரு கேபிள் எல்லாம் போய்விடும். பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று தடித்தும் மெலிந்தும் இருக்கும் ‘நேரோ-வைட்’ பல்சக்கரம் வாங்க வேண்டும். சாதாரணப் பல்சக்கரத்தில் செயின் குலுங்கி விழும், ஏனென்றால் அது செயின் எளிதாக நழுவிக் கியர் மாறுவதற்காகவே வெட்டப்பட்டது.

எத்தனை பல்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய வண்டியில் ஏற்றத்துக்கு இருந்த கடைசிக் கியர் முன்னே 22, பின்னே 32 என்றால் விகிதம் 0.69. முன்னே 32, பின்னே 46 வைத்தாலும் ஏறத்தாழ அதே 0.70 வருகிறது. மேல்பக்கத்தில் மட்டும் இழப்பு உண்டு. 32-க்கு 11 என்ற கியரில், நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால், 26×2.1 டயரில் மணிக்கு சுமார் 32 கி.மீ. போகும். பழைய 44-க்கு 11-ல் அது 45-ஐ நெருங்கும். காட்டுப்பாதைக்கு இந்த இழப்பு பொருட்டல்ல. தினமும் நெடுஞ்சாலையில் போகிறவர் யோசிக்க வேண்டும்.

பல்சக்கரத்தை நடு இடத்தில் மாட்டுங்கள், வெளிப்புறத்தில் வேண்டாம். நடு இடத்தில் ஏற்கெனவே 32 பல் சக்கரம் இருந்த வண்டி என்றால் செயின்ஸ்டேயில் உரசாது, செயினும் கேசட்டின் நடுவுக்கு நேராக ஓடும். வெளியே மாட்டினால் பெரிய பல்லில் செயின் கோணலாகி, பின்னோக்கி மிதித்தவுடன் கீழ்ப்பல்லுக்கு இறங்கிவிடும். போல்ட் துளை வட்டத்தை அளந்து வாங்குங்கள்: ஐந்து துளை என்றால் 110 அல்லது 94 மி.மீ., நான்கு துளை என்றால் பெரும்பாலும் 104. பழைய போல்ட்டுகள் இரண்டு சக்கரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் நீளம் கொண்டவை. ஒன்றை மட்டும் வைத்தால் அடிவரை இறுகியும் பிடிக்காது. ஒற்றைச் சக்கரத்துக்கான குட்டை போல்ட் ஒரு செட் தனியாக வாங்க வேண்டும்.

பின் கியர்

ஹப்பில் கேசட் ஏறும் உருளையான ஃப்ரீஹப் பகுதியை அளங்கள். கேசட் ஏறும் நீளம் 35 மி.மீ. அளவுக்கு இருந்தால் 8, 9-ஸ்பீடு வகை. ஷிமானோ எச்ஜி பள்ளமுள்ள 10-ஸ்பீடு கேசட்டும், 11-ஸ்பீடு மவுண்டன் பைக் கேசட்டும் இதில் ஏறும். 31 அளவுக்கு இருந்தால் 7-ஸ்பீடு, அதில் ஏறாது. ஷிமானோவின் 12-ஸ்பீடு மவுண்டன் பைக் கேசட்டுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் என்ற வேறு ஃப்ரீஹப் வேண்டும். ஃப்ரீஹப்பே இல்லாமல், மரையில் ஃப்ரீவீல் ஏற்றிய பழைய ஹப் என்றால் புதுச் சக்கரம் வாங்கிவிடுங்கள். அதில் வலப்பக்கப் பேரிங் வெகு உள்ளே தள்ளி இருப்பதால் மேட்டில் குதித்தால் ஆக்சில் வளையும்.

இந்த வண்டிக்கு 10-ஸ்பீடுதான் பொருத்தம். ஷிமானோ டியோர் 10-ஸ்பீடில் 11-46, மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் எக்ஸில் 11-48 கிடைக்கும். எதை எடுத்தாலும் ஷிஃப்டரும் டிரெய்லியரும் ஒரே வரிசையில் வாங்குங்கள். பழைய 9-ஸ்பீடு டிரெய்லியரைப் புது 10-ஸ்பீடு மவுண்டன் ஷிஃப்டரோடு சேர்த்தால் ஒவ்வொரு ‘கிளிக்’கும் தவறான இடத்தில் நிற்கும். ஒரு கிளிக்குக்கு இழுபடும் கேபிள் நீளமும், அதற்கு டிரெய்லியர் நகரும் தூரமும் இரண்டிலும் வேறு. எந்தத் திருகாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

டிரெய்லியர் மாட்டும் முன், அது தொங்கும் காதான ஹேங்கர் நேராக இருக்க வேண்டும். அதன் மரை 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி. பழைய பின் ஆக்சிலும் அதே மரைதான். அதனால் இன்னொரு நேரான பின்சக்கரத்தின் ஆக்சிலை ஹேங்கரில் திருகி, இரண்டு ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சுற்றிலும் அளங்கள். மேலும் கீழும், முன்னும் பின்னும் ஒரே அளவு வர வேண்டும். ஸ்டீல் ஹேங்கரைக் குளிர்நிலையிலேயே மெல்ல நிமிர்த்தலாம். கியர் சரியாக விழவில்லை என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி இந்த ஹேங்கர்தான்.

கேசட் லாக்ரிங் 40 நியூட்டன் மீட்டர். செயின் நீளத்துக்கு, டிரெய்லியர் வழியே விடாமல் பெரிய பல்லிலும் முன் பல்சக்கரத்திலும் மட்டும் சுற்றி, சந்திக்கும் இடத்தோடு இரண்டு கண்ணி சேர்த்து வெட்டுங்கள். கேபிள் மாட்டும் முன்பே எல்லைத் திருகுகளைச் சரிசெய்துவிடுங்கள். சிறிய பல்லுக்கு நேர் கீழே மேல் கப்பி நிற்க வேண்டும். பெரிய பல்லில் கையால் தள்ளிப் பார்த்தால் செயின் ஸ்போக் பக்கம் தாண்டக் கூடாது. டிரெய்லியரைப் பல்லிலிருந்து தள்ளி நிறுத்தும் பி-திருகால், பெரிய பல்லுக்கும் மேல் கப்பிக்கும் நடுவே 5, 6 மி.மீ. விடுங்கள்.

சக்கரமும் பிரேக்கும்

ஹப்பைத் திறந்தால் முன்புறம் பக்கத்துக்கு 10 பால்ஸ் (3/16 அங்குலம்), பின்புறம் பக்கத்துக்கு 9 பால்ஸ் (1/4 அங்குலம்) என்பது ஷிமானோவில் வழக்கம். பால்ஸைப் புதிதாகப் போடுங்கள். கோனின் (ஆக்சிலில் ஏறும் கூம்பு நட்டு) பளபளக்கும் பாதையைத் துடைத்து நகத்தால் சுற்றி நீவுங்கள். ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி தட்டுப்பட்டாலும் அந்தக் கோனை மாற்றுங்கள். குழி விழுந்த கோன் புதுப் பால்ஸையும் கெடுக்கும், பிறகு மாற்ற முடியாத கப்பையும் கெடுக்கும். மூடும்போது ஒரு துளி ஆட்டம் விடுங்கள். குயிக் ரிலீஸ் இறுகும்போது ஆக்சில் நெரிந்து அந்த ஆட்டம் மறையும்.

ரிம்மின் பக்கவாட்டில் ஸ்கேல் விளிம்பை நிறுத்திப் பாருங்கள். நடுவில் குழிந்திருந்தால் பிரேக் கட்டை தின்றுவிட்டது. அப்படிப்பட்ட ரிம் டயர் காற்றின் அழுத்தத்தில் ஓடும்போதே பிளக்கும். 27.5 அங்குலச் சக்கரம் போட நினைப்பவர்களுக்கு: அதன் ரிம் இருக்கை 584 மி.மீ., இதுவோ 559. அதாவது ரிம் 12.5 மி.மீ. மேலே போய்விடும், பிரேக் கட்டை அதை எட்டாது.

கேன்டிலீவர் பிரேக்கைக் கழற்றி வி-பிரேக் போடுங்கள். 1996-ல் ஷிமானோ கொண்டுவந்த இது அதே ஃபிரேம் முளைகளில் ஏறும். ஆனால் லீவரும் சேர்ந்து மாற வேண்டும். கேன்டிலீவர் லீவர் இழுக்கும் கேபிள் குறைவு. அதில் வி-பிரேக்கை மாட்டினால் முதலில் முரட்டுத்தனமாகப் பிடிப்பதுபோல் இருக்கும், கட்டை சற்றுத் தேய்ந்ததும் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும், வண்டி நிற்காது. டிஸ்க் பிரேக்கை அடாப்டர் வைத்துப் பழைய ஃபிரேமில் மாட்டாதீர்கள். அந்த மெல்லிய சீட்ஸ்டே (சீட்டின் கீழிருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் குழாய்) அந்த விசைக்காகச் செய்யப்பட்டதல்ல.

கேபிள் உறையில் ஒரு எச்சரிக்கை. கியர் உறை 4 மி.மீ., பிரேக் உறை 5. கியர் உறையின் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன. அதைப் பிரேக்குக்குப் போட்டு அழுத்திப் பிடித்தால் உறை பிளந்து பிரேக் ஒரே நொடியில் போய்விடும். வெட்டிய உறை முனையை அரத்தால் சமமாக்கி, உள்குழாயைக் குத்தூசியால் திறந்துவிடுங்கள். இந்த ஒரு நிமிட வேலைதான் கியர் மெதுவாக மாறுகிறதா, வெண்ணெய்போல் மாறுகிறதா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஹேண்டில்பார் 780 மி.மீ. வாங்க வேண்டாம். பழைய ஃபிரேம்கள் நீண்ட ஸ்டெம்முக்காக வரையப்பட்டவை. 700 முதல் 720 பாரும் 70, 80 மி.மீ. ஸ்டெம்மும் சரியாக வரும். மரை ஹெட்செட் என்றால் குவில் அடாப்டர் (ஸ்டீரருக்குள் செருகும் தண்டு) போட்டு 31.8 மி.மீ. பாரைக் கவ்வும் ஸ்டெம் மாட்டலாம். அடாப்டரின் குறைந்தபட்சச் செருகல் கோடு வெளியே தெரியக் கூடாது. பெடலில் இடது பெடல் இடமரை, இரண்டுக்கும் கிரீஸ் தடவி 35 முதல் 40 நியூட்டன் மீட்டர்.

முதல் ஓட்டத்துக்கு முன் முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, ஹெட்செட் கப்பில் விரல் வைத்துப் பாருங்கள். விரலுக்கு ஆட்டம் தெரிந்தால் இன்னும் சற்று இறுக்குங்கள். சமதரையில் இரண்டு பிரேக்கையும் பலமாக இருபது முறை பிடித்துக் கட்டைகளைப் பழக்குங்கள். 50 கி.மீ. ஆனதும் ஸ்டெம் போல்ட், பல்சக்கர போல்ட், பிரேக் கை போல்ட் மூன்றையும் டார்க் ரெஞ்ச்சால் சரிபாருங்கள். கிராங்க் போல்ட்டையும் ஒருமுறை சோதியுங்கள். சொன்ன அளவில் அது அசையாமல் நின்றால் அதற்குமேல் இறுக்காதீர்கள், சதுர ஆக்சிலில் கிராங்க் மேலும் மேலும் ஏறிப் பிளந்துவிடும். கேபிள் உறைகள் அதற்குள் அமர்ந்திருக்கும். கியர் ஏறத் தயங்கினால் ஷிஃப்டரின் திருகை எதிர்கடிகாரத் திசையில் அரைச் சுற்று திருப்புங்கள்.